அசலில் கை வைக்காமல்

திருவண்ணாமலை என்றால் எல்லோருக்கும் அருணாசலமும் கார்த்திகை தீபமும்தான் ஞாபகம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு முதலில் வருவது வேறொரு திருவண்ணாமலை. ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கும் சிறு குன்று. மேலே சீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்று சொல்வோம். புரட்டாசி சனிக்கிழமைகளில் ராஜபாளையம், சிவகாசி என்று சுற்றுவட்டாரமே அங்கே வந்து நிற்கும். திருப்பதி வரைக்கும் போக வசதிப்படாதவர்கள் இங்கே முடியிறக்கி நேர்த்திக்கடனை முடித்துக்கொள்வார்கள்.

ஃபோட்டோஷாப்பில் வேகமாக வேலை செய்வது எப்படி என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் சமீபத்தில் கேட்டான். நான் டிசைனர் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு காலத்தில் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஷார்ட்கட் பட்டியல் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். அனுப்ப உட்கார்ந்தபோது அந்தக் குன்றின் அடிவாரத்தில் யாரோ எடுத்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தைச் சொல்லாமல் அந்தப் பட்டியலைக் கொடுப்பது சரியில்லை என்று தோன்றியது.

*

பன்னிரண்டாம் வகுப்பு பரீட்சை முடிந்து கவுன்சிலிங்குக்குக் காத்திருந்த லீவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் அப்பா சொல்லிச் சேர்த்துவிட்டார். முதலாளியை அண்ணாச்சி என்றும், கம்ப்யூட்டரில் உட்காருபவரை அண்ணன் என்றும் கூப்பிடுவேன். 256 எம்.பி. ராம் போட்ட ஒரு பென்டியம், அதில் ஃபோட்டோஷாப் ஏழாவது பதிப்பு, பக்கத்தில் ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர். இவ்வளவுதான்.

அண்ணனின் இடது கை கீபோர்டை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. முதல் நாளே என் இடது கையைப் பிடித்து வைத்துச் சொன்னார்: "தம்பி, மவுஸ் வரையறதுக்கு. மத்ததெல்லாம் இந்தக் கை பாக்கணும். மெனுவுல போயி தேடிக்கிட்டு இருந்தேன்னா ஆள் வந்து நிப்பான்."

அந்த முதல் வாரத்தில் கற்றவை இன்றைக்கும் செல்லுபடியாகின்றன. 'பி' அழுத்தினால் பிரஷ், 'எஸ்' அழுத்தினால் குளோன் ஸ்டாம்ப், 'வி' அழுத்தினால் நகர்த்தும் கருவி. சதுர அடைப்புக்குறி இரண்டும் பிரஷைச் சிறிதாக்கும், பெரிதாக்கும். 'டி' அழுத்தினால் நிறங்கள் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பும். 'எக்ஸ்' அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் எந்தக் கருவி கையில் இருந்தாலும் அது படத்தை இழுக்கும் கையாகிவிடும். பிரஷ் கையில் இருக்கும்போது 3 என்று தட்டினால் அதன் அழுத்தம் 30 சதவீதம். கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்தால் இருக்கும் அடுக்குக்கு ஒரு நகல். இந்தப் பத்துக்குள் அடங்கிவிடும் தினசரி வேலையில் பாதி. மீதியைத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டால் போதும். ஐம்பது ஷார்ட்கட்டை மனப்பாடம் பண்ண உட்கார்ந்தவர்கள் யாரும் அதை ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியதாக நான் பார்க்கவில்லை.

அடுத்த பாடம் ஆக்‌ஷன். பாஸ்போர்ட் படத்தின் அளவு 35க்கு 45 மில்லிமீட்டர். 300 டிபிஐயில் 413க்கு 531 புள்ளிகள். நாலுக்கு ஆறு அங்குலத் தாளில், அதாவது 1200க்கு 1800 புள்ளிகளில், வரிசைக்கு நாலாக இரண்டு வரிசை உட்காரும். எட்டுப் படம். வெட்டி, மெல்லிய கோடு போட்டு, எட்டாக அடுக்கி வைப்பதை ஒரு முறை செய்து பதிவு பண்ணிவிட்டால், அடுத்த ஆளுக்கு ஒரு ஃபங்க்‌ஷன் கீயைத் தட்டினால் போதும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ பிள்ளைகள் வருவார்கள். அண்ணன் அந்த ஒரு கீயை வைத்துத்தான் மத்தியானச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டார். நான் பின்னாளில் எழுதிய முதல் ஸ்கிரிப்ட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே வேலையை மூன்றாவது முறை கையால் செய்கிறாய் என்றால் எங்கேயோ சோம்பேறித்தனம் போதவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, வேலையைத் தொடங்கும் முன் அளவைத் தீர்மானிப்பது. ஃப்ளெக்ஸ் பேனர் அப்போது ஊரையே பிடித்திருந்த நேரம். பத்துக்கு எட்டு அடியில் ஒரு பேனருக்கு நான் விவரம் தெரியாமல் 300 டிபிஐ வைத்துத் திறக்கப்போக, மென்பொருள் திறக்கவே மறுத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 36,000 பெருக்கல் 28,800 புள்ளிகள். நூறு கோடியைத் தாண்டுகிறது. ஒரு புள்ளிக்கு நான்கு மை என்றால் ஓர் அடுக்குக்கே நான்கு ஜி.பி. பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 புள்ளிகளுக்கு மேல் தாங்காது. ராம் நிறைந்ததும் மென்பொருள் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். அதே பேனர் 72 டிபிஐயில் 8,640க்கு 6,912. முப்பதடி தள்ளி பஸ்ஸில் போகிறவன் பார்க்கிற படத்துக்கு அதுவே அதிகம். "எவ்வளவு தூரத்துல இருந்து பாப்பான்னு மொதல்ல கேளு" என்பார் அண்ணன். டிபிஐ என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தைக் கல்லூரியிலும் நான் கேட்கவில்லை.

மே மாதக் கடைசியில் நான் கெட்டிக்காரன் ஆகியிருந்தேன். அண்ணன் இல்லாத நேரத்தில் தனியாக உட்காரும் அளவுக்கு.

*

அப்படி ஒரு மத்தியானம் தாத்தா ஒருவர் வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்து ஊர். துண்டில் சுற்றி, கண்ணாடி போட்ட பழைய ஃப்ரேம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அடிவாரத்தில் எடுத்த குடும்பப்படம். மொட்டையடித்து சந்தனம் பூசிய ஒரு குழந்தை, அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண், சுற்றிலும் ஏழெட்டுப் பேர். பின்னால் குன்றும் படிகளும் மங்கலாக. அந்தப் பெண் அவருடைய மனைவி. பத்து நாளைக்கு முன்னால் இறந்துபோயிருந்தார். அவர் இருந்த படம் அந்த ஒன்றுதான்.

"பதினாறாம் நாளைக்கு வீட்டுல மாட்டணும் தம்பி. இவ மொகத்த மட்டும் பெருசா எடுத்துக் குடுங்க."

அந்த முகம் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நான் எப்போதும் ஸ்கேன் பண்ணுகிற 150 டிபிஐயிலேயே பண்ணினேன். ஒரு சென்டிமீட்டர் முகம் 150இல் 59 புள்ளிகள். அதே ஸ்கேனரில் 1200 வைத்திருந்தால் 472 புள்ளிகள் கிடைத்திருக்கும். ஒரு எண்ணை மாற்றி, மூன்று நிமிடம் கூடக் காத்திருந்தால் போதும். நான் காத்திருக்கவில்லை.

"ஸ்கேன் ஆச்சா?" என்றார் அண்ணாச்சி. ஆச்சு என்றேன். அவர் ஃப்ரேமைப் பிரித்தார், அதே ஃப்ரேமில் புதுப்படத்தைப் போட்டுக் கொடுத்தால் தாத்தாவுக்குச் செலவு மிச்சமாகும் என்று. பழைய படங்களின் மேல் பூச்சு ஜெலட்டின். ஈரக்காற்றில் பல வருஷம் இருந்தால் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அவர் படத்தை உரித்தபோது, நடுவில் இருந்த முகங்கள் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. கையில் வந்தது வெள்ளைத்தாளும் கொஞ்சம் வானமும் குன்றும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஸ்கேன் இருக்குல்ல" என்றார். இருக்கு என்றேன்.

நான் ஸ்கேனைத் திறந்து முகத்தை வெட்டினேன். இழுத்துப் பெரிதாக்கினேன். அந்த வருஷங்களில் ஹீலிங் பிரஷ் எங்களுக்கெல்லாம் மந்திரக்கோல். 2002இல் ஏழாவது பதிப்பில்தான் அது வந்தது. தூசி, கீறல், பூஞ்சைப் புள்ளி எல்லாவற்றையும் அதை வைத்து எடுத்தேன். பிறகு ப்ளர் கொடுத்து முகத்தை மழமழவென்று ஆக்கினேன். பிறகு, ஸ்டுடியோவில் எல்லோருக்கும் செய்வதுபோல, நிறத்தை இரண்டு மூன்று படி ஏற்றினேன். எல்லாமே ஒரே அடுக்கில், பின்னணி அடுக்கிலேயே. கண்ட்ரோல் எஸ். ஜேபெக். மூடிவிட்டேன். பிரமாதமாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரத்துக்குள் முடித்தேன் என்பதில் ஒரு பெருமை வேறு.

மறுநாள் தாத்தா வந்து பிரிண்டைக் கையில் வாங்கினார். வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் பார்த்தார். திரும்ப வந்து மேசைமேல் வைத்தார்.

"இது அவ இல்ல தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. வேறு யாருடைய படமோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தவர்போலச் சொன்னார். பிறகு தன் இடது புருவத்துக்கு மேலே விரலை வைத்தார். "இங்க ஒரு தழும்பு இருக்கும். சின்னப் புள்ளையில அம்மில விழுந்தது. அப்புறம் அவ இம்புட்டு செவப்பு கெடயாது."

பூஞ்சைப் புள்ளி என்று நினைத்து நான் எடுத்தவற்றில் ஒன்று அந்தத் தழும்பு.

கண்ட்ரோல் இசட் எதற்கும் உதவாது. கோப்பை மூடினால் ஹிஸ்டரி போய்விடும். மூடாமல் இருந்தாலும் அந்தப் பதிப்பு முன்னிருப்பாக வைத்திருந்தது 20 படிகள்தான். தூசி தட்டுவதில் பிரஷை இருபது முறை தொட ஒரு நிமிடம் ஆகாது. அசல் கண்ணாடியில் ஒட்டிச் சிதைந்திருந்தது. ஸ்கேன்மேல் நானே எழுதிவிட்டேன். ஒரு பெண்ணின் முகம் உலகத்தில் இருந்த இரண்டு இடங்களில் ஒன்றைத் தெரியாமல் அண்ணாச்சியும், மற்றதைத் தெரிந்தே நானும் அழித்திருந்தோம்.

*

ஃபோட்டோஷாப்பை எழுத ஆரம்பித்தவர் தாமஸ் நோல், 1987இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது. ஸ்டார் வார்ஸ் படங்களுக்குத் தந்திரக்காட்சி செய்த நிறுவனத்தில் வேலை பார்த்த அவர் தம்பி ஜான் நோல் கூடச் சேர்ந்தார். முதல் பதிப்பு 1990 பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் அடுக்குகளே கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டித் தேர்வை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், அவ்வளவுதான். அடுக்குகள் 1994இல் மூன்றாவது பதிப்பில் வந்தன. படத்தைத் தொடாமல் அதன் நிறத்தை மட்டும் மேலிருந்து மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் அடுக்கு 1996இல் வந்தது. ஆக, நான் அந்த முகத்தை அழித்தபோது, அழிக்காமல் வேலை செய்வதற்கான கருவிகள் எல்லாம் என் கண்ணெதிரே திரையில் பத்து வருஷமாக இருந்தவை. நேரம் மிச்சம் என்று நான் தொடாமல் விட்டேன்.

இதற்கு முந்திய காலத்து டச்சப் ஆட்கள் இன்னும் ஆபத்தான வேலையைச் செய்தார்கள். நெகட்டிவின் மேலேயே கூர்மையான பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டுவார்கள். நெகட்டிவில் கருமை கூடிய இடம் பிரிண்டில் வெளுக்கும். சுருக்கமும் கருவளையமும் அப்படித்தான் மறைந்தன. நம் ஸ்டுடியோக்களில் முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. ஆனால் அவர்கள் கை நடுங்கிற்று, ஏனென்றால் நெகட்டிவ் ஒன்றுதான். எனக்குக் கை நடுங்கவில்லை.

அலுவலகத்துப் பையனுக்கு நான் கடைசியில் எழுதி அனுப்பியவை இவை.

கோப்பைத் திறந்ததும் முதல் வேலை, வேறு பெயரில் பிஎஸ்டியாகச் சேமிப்பது. அசல் கோப்பைத் தனி ஃபோல்டரில் போட்டு, படிக்க மட்டும் என்று பூட்டிவிடு. ஜேபெக் என்பது வேலை முடிந்தபின் வெளியே அனுப்புகிற வடிவம். ஒவ்வொரு முறை அதில் திரும்பச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தேயும், அடுக்குகளையும் அது வைத்துக்கொள்ளாது. பழைய படம் என்றால் 600க்குக் குறையாமல், முகம் சிறியது என்றால் 1200இல், டிஃப் வடிவத்தில் ஸ்கேன் பண்ணு. கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்காதே. கண்ணாடியோடேயே வைத்து ஸ்கேன் பண்ணு, அல்லது வெளிச்சம் எதிரடிக்காத இடத்தில் வைத்துப் படம் பிடி.

தூசி எடுப்பதைக் காலி அடுக்கு ஒன்றில் செய். இப்போதைய பதிப்புகளில் ஹீலிங் பிரஷுக்கும் குளோன் ஸ்டாம்புக்கும் எல்லா அடுக்குகளிலிருந்தும் மாதிரி எடு என்று ஒரு வசதி இருக்கிறது. திருத்தம் மேலே காலி அடுக்கில் விழும், கீழே படம் அப்படியே கிடக்கும். தழும்பை எடுத்துவிட்டாய் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் மட்டும் மேலடுக்கை அழித்தால் தழும்பு திரும்பி வரும். மூன்று விநாடி வேலை.

அழிப்பானைத் தொடாதே, மாஸ்க் போடு. மாஸ்க்கில் கறுப்பு தீட்டினால் மறையும், வெள்ளை தீட்டினால் தெரியும். 'எக்ஸ்' கீயை முதல் நாளே ஏன் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இங்கேதான் புரியும். இடது கை 'எக்ஸ்'ஸைத் தட்டிக்கொண்டே இருக்க, வலது கை மறைப்பதும் காட்டுவதுமாகப் போய்க்கொண்டே இருக்கும். நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் அட்ஜஸ்ட்மென்ட் அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் பெயர் வை: 'தூசி', 'நிறம்', 'கிழிசல்' என்று தமிழிலேயே வைக்கலாம். 'லேயர் 17 காப்பி 3' என்பதை மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் நீ எழுதியது உனக்கே புரியாது.

ஒரே படத்தை இரண்டு சன்னலில் திற. ஒன்றில் பெரிதாக்கி வேலை செய், மற்றதில் முழுப்படமும் தெரியட்டும். பெரிதாக்கிப் பார்க்கிறவனுக்குப் புள்ளிகள்தான் தெரியும், ஆள் தெரியாது. அப்புறம் அவ்வப்போது அடிப்படத்தின் கண்ணை மட்டும் ஆல்ட் வைத்துச் சொடுக்கிப் பார். மற்ற அடுக்கெல்லாம் மறைந்து அசல் தெரியும். எங்கிருந்து கிளம்பினோம் என்று அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழில் எழுத்து சேர்க்கும்போது கொம்பு பின்னால் போய் விழுந்தால் எழுத்துருமேல் கோபப்படாதே. உலக மொழிகளுக்கான தளவமைப்பைத் தேர்ந்தெடுத்துப் பார். நம் ஊர் டிசைனர்கள் ஒருங்குறிக்குப் பல வருஷம் வராமல் பாமினியிலும் வானவில்லிலும் அடித்துக்கொண்டிருந்ததற்கு, ஒருங்குறித் தமிழை மென்பொருள்கள் உடைத்து உடைத்துக் காட்டியதும் ஒரு காரணம். அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. கல்யாணப் பத்திரிகைகள் மெதுவாகத்தான் வருகின்றன.

ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட முடியாவிட்டால் கிம்ப் இலவசம். அசலைக் கெடுக்காத ஃபில்டர்கள் 2025இல் வந்த அதன் மூன்றாவது பதிப்பில் இருக்கின்றன.

இதிலெல்லாம் வேகம் எங்கே என்று அவன் திருப்பிக் கேட்டான். முதல் முறை ஐந்து நிமிடம் கூடத்தான் ஆகும். வாடிக்கையாளர் 'கொஞ்சம் மாத்தணுமே' என்று இரண்டாவது முறை வரும்போதுதான் வேகம் தெரியும். அவர் வராமல் இருந்த படம் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு கிட் என்று பெயர் வைத்து, எழுதிய ஒவ்வொரு வரியின் பழைய வடிவத்தையும் சேர்த்து வைக்கிறோம். ஒரு பட்டனின் நிறம் போன வருஷம் என்னவாக இருந்தது என்று நொடியில் சொல்லிவிடுவேன்.

*

அன்றைக்குச் சாயந்திரம் அண்ணன் வந்ததும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தாத்தாவைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். புது அடுக்கு ஒன்று திறந்தார். "சொல்லுங்கய்யா, எங்க?"

தாத்தா மானிட்டர் கண்ணாடியில் விரலை வைத்தார். அண்ணன் அந்த இடத்தில் சின்ன பிரஷால் ஒரு கோடு இழுத்தார். "இன்னுங் கொஞ்சம் கீழ." இழுத்தார். "நேரா இருக்காது. பெறப் பிஞ்சு மாதிரி வளைஞ்சு." அழித்து வளைத்தார். நிறத்தை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே வந்தார். "இன்னும். இன்னும் கறுப்பு." கன்னத்தில் நான் போட்ட மழமழப்பின் மேல் லேசாக மணல்போல ஒன்றைத் தூவினார். அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். நடுநடுவே தாத்தா படத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஏதேதோ சொன்னார். மொட்டை போட்ட பிள்ளை எப்படி அழுதது, மலையேறும்போது செருப்பு தொலைந்தது என்று. அண்ணன் கேட்டுக்கொண்டே பிரஷை நகர்த்தினார். நான் அவர்களுக்கு டீ வாங்கி வந்தேன்.

ஓரிடத்தில் தாத்தா பேச்சை நிறுத்தினார். விரலை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போதும்யா. இப்பிடியே குடுங்க" என்றார்.

அது அவர் மனைவியின் முகமாக வந்துவிட்டதா, இல்லை இதற்குமேல் வராது என்று எங்களுக்காக விட்டுக்கொடுத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணாச்சி காசு வாங்கவில்லை.

இப்போது குடும்ப வாட்ஸப் குழுக்களில் பழைய படங்கள் பளபளவென்று திருத்தி வருகின்றன. செயற்கை நுண்ணறிவு 59 புள்ளிகளிலிருந்து கண் இமை முடிவரைக்கும் வரைந்து காட்டுகிறது. கோடிக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய அது, இந்த இடத்தில் பெரும்பாலும் என்ன இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. பெரும்பாலான நெற்றிகளில் தழும்பு இருப்பதில்லை. சென்ற மாதம் சித்தி பையன் எங்கள் ஆச்சியின் படத்தை அப்படித் திருத்திப் போட்டிருந்தான். எல்லோரும் இதயம் போட்டார்கள். அம்மா மட்டும் எனக்குத் தனியாக ஃபோன் பண்ணி, "அந்தப் பழசு ஒங்கிட்ட இருக்காப்பா?" என்று கேட்டாள்.

இருந்தது. 1200 டிபிஐ, டிஃப், மூன்று இடங்களில். அனுப்பினேன். மங்கலாக, ஒரு ஓரம் கிழிந்து, பூஞ்சைப் புள்ளிகளோடு. அதில் எது பூஞ்சை, எது ஆச்சியின் மச்சம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது லேப்டாப்பை அவள் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புது அடுக்கு ஒன்று திறந்து, விரலால் காட்டச் சொல்ல வேண்டும்.